மாடசாமி வேனின் லோயர் ஆர்ம்

சென்ற வாரம் ஓர் இளம் சர்வேயர் போனில் அழைத்தார். இப்போதெல்லாம் விபத்தில் அடிபட்ட வண்டியைப் பார்க்க யாரும் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதில்லையாம். ஒர்க்‌ஷாப்காரரே செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார். இவர் வேறோர் ஊரில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து அதைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பார்.

“சார், புதுசுதான் மாட்டியிருக்காங்களா, பழசையே கழுவி மாட்டிட்டாங்களான்னு வீடியோல எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டார்.

“முடியாது” என்றேன்.

“நீங்க நேர்ல போய் எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?”

“பல சமயம் முடியலை.”

அவர் தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். நான் தகவலாகத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகு, அந்தத் தகவலை இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. இது அந்த விவரம்.

நான் தென்காசியில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு வண்டி மோதினால் கம்பெனி சார்பில் போய், எதைத் தட்டிச் சரிசெய்தால் போதும், எதை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்வது என் வேலையின் முதல் பாதி. ரிப்பேர் முடிந்ததும் மறுபடி போய், மாற்றச் சொன்னதை உண்மையிலேயே மாற்றினார்களா என்று பார்ப்பது மறுபாதி. என் சொந்தக்காரர்களுக்கு இந்த இரண்டு பாதியுமே தெரியாது. சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் என்றே கடைசி வரை நம்பினார்கள். இலத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே கூட்டிப்போய், பக்கத்து வயல்காரன் எல்லைக்கல்லைத் தள்ளி நட்டுவிட்டதாகச் சொல்லிக் கண் கலங்கினார். நான் அளப்பது வண்டியைத்தான் என்றேன்.

“வண்டிய எதுக்கு அளக்கணும்? அது எங்கன வளரப் போவுது?” என்றார்.

என் தொழிலைப் பற்றி அதைவிட ஆழமான கேள்வியை எந்தத் தேர்விலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

டிப்ளமோ படித்ததையும், திருநெல்வேலியில் பயிற்சி என்ற பெயரில் மற்றவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்ததையும் விட்டுவிடுகிறேன். தொழிலை நான் கற்றது எங்கள் கிளை மேலாளர் சங்கரலிங்கம் சாரிடம். வெளுத்த சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு, ஒருபோதும் உயராத குரல். எத்தனையோ திருட்டுகளைப் பிடித்தவர். யாரையும் திருடன் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. “கவனக்குறைவா இருந்திருக்கீங்க அண்ணாச்சி” என்பார். அந்தக் கவனக்குறைவு என்ற சொல்லைக் கேட்டு வியர்த்துப்போன ஒர்க்‌ஷாப்காரர்கள் சங்கரன்கோவில் வரை இருந்தார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டிக்கு அடியில் போகும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். அதைத் தன் பையில் போட மாட்டார், என்னிடமும் தர மாட்டார். கடை முதலாளியின் கையில் கொடுத்து, “கொஞ்சம் பிடிங்க அண்ணாச்சி, மாமனார் போட்டது” என்பார். ரொம்ப நாள் நான் இதை வெறும் மரியாதை என்றே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. கடிகாரத்தை ஏந்திக்கொண்ட மனிதரால் இடத்தை விட்டு நகர முடியாது. உள்ளே போய் எதையும் மறைக்க முடியாது, பட்டறை ஆட்களுக்குச் சைகை காட்ட முடியாது. பிரசாதம் வாங்கியவர் போல அப்படியே நிற்பார். சார் அடியில் மல்லாந்து படுத்து, அவசரமே இல்லாமல் பார்த்துவிட்டு வருவார்.

எதைப் பார்ப்பார்? முதலில் போல்ட். ஸ்பானர் பட்ட போல்ட்டின் தலையில் விளிம்பு பளபளக்கும். பழைய பெயிண்டு மூடியபடியே இருந்தால் அதை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். அடுத்தது மண். எங்கள் பக்கத்துச் செம்மண் எந்த இடுக்கிலும் போய் உட்கார்ந்துவிடும். ஒரு பொருளைக் கழற்றினால் அது உட்கார்ந்திருந்த இடத்தில் சுத்தமான ஒரு தடம் விழும். அப்புறம் ரப்பர். புது ரப்பரில் அச்சிலிருந்து வந்த சிறு சிறு மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு வாசனையும் இருக்கும். சார் அதை முகர்ந்தே பார்ப்பார். நானும் முகர்வேன். எனக்கு எல்லாம் கிரீஸ் வாசனையாகத்தான் தெரியும். ஆனாலும் புருவத்தை உயர்த்தக் கற்றுக்கொண்டேன். பாதி உத்தியோகம் அதில் ஓடிவிட்டது.

கழற்றிய பழைய பொருளைக் கடைக்காரர் எங்களிடம் காட்ட வேண்டும் என்பது விதி. இந்த விதியால் எனக்கு ஒரு தும்பியின் சிநேகம் கிடைத்தது. உடைந்த ஹெட்லைட் ஒன்றை ஒரு கடையில் காட்டினார்கள். அதன் கண்ணாடிக்குள் ஒரு தும்பி செத்துக் கிடந்தது. சரி என்று எழுதிக் கொடுத்தேன். சில மாதம் கழித்து வேறொரு கடையில், வேறொரு காருக்கு, உடைந்த ஹெட்லைட் என்று ஒன்றைக் காட்டினார்கள். அதிலும் தும்பி. அதே தும்பி, ஒரு சிறகு மடங்கிய அதே கிடப்பு. அந்த ஹெட்லைட்டைக் கடைக்காரர்கள் தங்களுக்குள் கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி இரவல் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். மூன்றாவது இடத்தில் பார்த்தபோது சங்கரலிங்கம் சாரிடம் சொன்னேன். அவர் ஹெட்லைட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது நம்மளவிட ஊரு சுத்தியிருக்கே வே” என்றார். அதோடு தும்பிக்கு ஓய்வு கிடைத்தது.

குற்றாலத்தில் சீசன் வந்தால் குரங்குகள் மீது பழி போடும் மனுக்கள் வரும். ஐந்தருவியில் நிறுத்திய காரின் வைப்பரையும் கண்ணாடியையும் குரங்கு பிடுங்கிவிட்டது என்பார்கள். சில குரங்குகள் உண்மையிலேயே குற்றவாளிகள்தான். ஆனால் கார் ஸ்டீரியோவை ஸ்குரூ டிரைவர் போட்டுக் கழற்றும் குரங்கை நான் இன்னும் நேரில் சந்திக்கவில்லை.

இவ்வளவு பெருமை பேசும் நான், என் சொந்தக் காருக்குக் கிளட்ச் மாற்றக் கொடுத்தேன். எடுத்து வரும்போது போல்ட் பார்த்தேன், மண் பார்த்தேன், முகர்ந்தேன், புருவத்தை உயர்த்தினேன். திருப்தியோடு வீட்டுக்கு ஓட்டி வந்தேன். என் மனைவி ஏறி உட்கார்ந்து தெருமுனை திரும்புவதற்குள், “மாத்தலியே” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“போன வாரம் என்ன தீஞ்ச நாத்தம் அடிச்சுதோ அதேதான் அடிக்கி.”

திரும்பக் கொண்டுபோனேன். கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, “சார் கண்ணுலேர்ந்து தப்ப முடியுமா” என்றார். நான் மறுக்கவில்லை.

இப்போது அடையாளம் போடும் விஷயத்துக்கு வர வேண்டும். மாற்ற வேண்டும் என்று தீர்ப்பான பொருளின் மீது, முதல் தடவை பார்க்கும்போதே மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஓர் அடையாளம் போட்டுவிடுவோம். மறுபடி போகும்போது அந்த அடையாளம் வண்டியில் இருந்தால் பழையதையே மாட்டியிருக்கிறார்கள். கழற்றிப் போட்டதில் இருந்தால் நல்லது. இந்த அடையாளம் எதற்கு என்று கடைக்காரர்களிடம் சொல்லக் கூடாது என்பது சாரின் கண்டிப்பு. ஆரம்பத்தில் நான் ஒரு பெருக்கல் குறி போட்டேன். கடைக்காரர்கள் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, “அழுக்கா இருந்துச்சு சார்” என்றார்கள். வட்டம் போட்டேன். அதுவும் அழுக்காகிவிட்டது. சாரிடம் போய் நின்றேன். அவர் என் பேனாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“அழிக்கதுக்குக் கை கூசுத மாதிரி ஒண்ணு போடும் வே.”

அன்றிலிருந்து பிள்ளையார் சுழி போட ஆரம்பித்தேன்.

பிரமாதமாக வேலை செய்தது. வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு கடையில், மாற்றியாகிவிட்டது என்று சொன்ன பம்பரைப் போய்ப் பார்த்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்து, பாலிஷ் ஏற்றி, முகம் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். சுழியையும் அதைச் சுற்றி ஒரு கையகல அழுக்கையும் மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். கம்பெனியை ஏமாற்றலாம், பிள்ளையாரிடம் எதற்கு வம்பு. சங்கரலிங்கம் சார் அந்தக் கடைக்காரரின் தோளில் கை வைத்து, “பக்தியோட கவனக்குறைவா இருந்திருக்கீங்க” என்றார்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டையே கிடையாது என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் மாடசாமியின் வேன் மதகில் மோதியது.

மாடசாமி இலத்தூர்க்காரர். சொந்த வேன். சீசன் நேரத்தில் தென்காசி ரயில் நிலையத்திலிருந்து அருவிகளுக்கு ஆள் ஏற்றுவார். மற்ற நேரங்களில் துக்க வீடு, கல்யாண வீடு. சாரல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன், செங்கோட்டைச் சாலையில் குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கி ஒரு மதகுச் சுவரில் இடித்துவிட்டார். ஆளுக்கோ மாட்டுக்கோ சேதமில்லை. வேனின் இடது முன்சக்கரம் உள்பக்கம் மடங்கிக் கிடந்தது. வேனைக் குற்றாலம் ரோட்டில் ஞானதுரை அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து போட்டார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். பல பொருள்களைத் தட்டிச் சரி செய்யலாம். லோயர் ஆர்மை மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் வளைந்த இரும்புக்கை அது. மதகில் இடித்ததில் ஒரு பக்கமாக முறுக்கி, நுனியில் மெல்லிய விரிசலும் விட்டிருந்தது. இந்த மாதிரி இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் நிமிர்த்தி, கறுப்புப் பெயிண்டு அடித்தால் புதியது மாதிரியே இருக்கும். நெருப்புக் கண்ட அந்த இரும்பு நாலு நாள் நன்றாக உழைக்கும். அப்புறம் ஒரு நாள், குளித்து முடித்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, சக்கரம் ஒரு திசையிலும் வேன் ஒரு திசையிலும் போகும். ஆகவே பேனாவை எடுத்து, விரிசலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிதாகவே ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். ஞானதுரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சக்கரம், பிரேக், ஸ்டீரிங் சம்பந்தப்பட்ட ரிப்பேர் என்றால் மறுபார்வைக்குச் சங்கரலிங்கம் சாரும் வருவார். நாங்கள் போன காலையில் சாரல் பிடித்துவிட்டது. மலை தெரியவில்லை, தகரக் கூரையில் தூறல் பொரிந்துகொண்டிருந்தது. மாடசாமி குளித்துப் பொட்டு வைத்துத் தயாராக நின்றார். “சார், சட்டுனு பாத்து விட்டுருங்க. மதுரைலேர்ந்து ஒரு கூட்டம் ஸ்டேஷன்ல வந்து எறங்கப் போவுது” என்றார்.

நான் வேனுக்கு அடியில் போய் டார்ச்சை அடித்தேன். லோயர் ஆர்ம் கன்னங்கரேலென்று மினுங்கியது. அந்தக் கறுப்பின் நடுவே மஞ்சளாக, முழுசாக, பிள்ளையார் சுழி.

நான் பிள்ளையாரைப் பார்த்தேன். பிள்ளையார் என்னைப் பார்த்தார்.

வாசுதேவநல்லூர் பம்பர்தான் ஞாபகம் வந்தது. நிமிர்த்தி, சுழியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் பெயிண்டு அடித்திருக்கிறார்கள். ரப்பர்கள் புதியவை, போல்ட்டுகளில் ஸ்பானர் பட்டிருக்கிறது. ஆனால் நிமிர்த்துவதற்கும் கழற்றித்தானே ஆக வேண்டும். வெளியே வந்து சாரின் காதருகே, “சார், சுழி இருக்கு” என்றேன். எனக்கு ரகசியம் பேசத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

“என்ன இருக்கு? மாத்தலியா சார்?” என்றார் மாடசாமி.

நான் சாரின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பார்வையை அவர் மொழிபெயர்த்துக்கொண்டார்.

“என்னவே ஞானதுரை! அண்ணாச்சி அண்ணாச்சின்னு உம்ம காலச் சுத்தி வந்தேன்லா? புள்ளகுட்டிய ஏத்திட்டுப் போற வண்டிவே! பழச மாட்டி என்னைய உள்ள தள்ளப் பாத்தீரா?”

“ஏலே, வாய அளந்து பேசு. புதுசுதான் மாட்டிருக்கேன்.”

“அப்போ சாரு மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“அவரு மூஞ்சி எப்பவும் அப்படித்தாம்ல இருக்கும்!”

பக்கத்து டீக்கடையிலிருந்து நாலு பேர் டம்ளரோடு வந்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் ஞானதுரையின் முகம் வெளுத்தது. காரணம் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ‘மாற்றப்படவில்லை’ என்று நான் ஒரு வார்த்தை எழுதினால் எங்கள் கம்பெனி வண்டி ஒன்றுகூட இனி அந்தக் கடைக்கு வராது. மற்ற கம்பெனிகளுக்குச் சாயங்காலத்துக்குள் செய்தி போய்விடும். சாகிற வண்டிகளையெல்லாம் பிழைக்க வைத்துச் சேர்த்த பெயர் அது. அந்தப் பெயரை நம்பித்தான் அவரும் அவரோடு வேலை பார்ப்பவர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சங்கரலிங்கம் சார் கடிகாரத்தைக் கழற்றினார். “கொஞ்சம் பிடிங்க அண்ணாச்சி.” ஞானதுரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சார் அடியில் போனவர் வழக்கத்தைவிட அதிக நேரம் வெளியே வரவில்லை. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். இருவரும் மல்லாந்து படுத்துக்கிடந்தோம்.

“வே, இத நீரா எழுதினீரு?”

“ஆமா சார்.”

“நல்லாப் பாத்துச் சொல்லும்.”

“நான்தான் சார். வேற யாரு எழுதப் போறா?”

“உமக்கு இவ்வளவு அழகா எழுத வராதேவே.”

டார்ச்சை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கோடு வழுக்கிக்கொண்டு போயிருந்தது. வளைவில் ஒரு நடுக்கம் இல்லை. பலகையில் பெயர் எழுதுகிறவன் கை. என் சுழி நசுங்கிய மண்புழு மாதிரி இருக்கும் என்று என் மனைவி வீட்டுக் கணக்கைப் பார்த்துச் சொல்வதுண்டு.

வெளியே வந்து சார் கையைத் துடைத்துக்கொண்டார். கடிகாரத்தைத் திரும்ப வாங்கவில்லை.

“அண்ணாச்சி, கழட்டின பழைய சாமான எங்க?”

“அது இங்கன இல்ல சார்.”

“வித்துட்டீங்களோ?”

“சே, விக்க முடியுமா.”

“தூக்கிப் போட்டுட்டீங்களா?”

“போடவும் இல்ல.”

“பெறவு?”

“வச்சிருக்கேன்.”

“எங்கன?”

ஞானதுரை டீக்கடைக் கூட்டத்தைப் பார்த்தார், கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியாக மழையைப் பார்த்தார். “வைக்க வேண்டிய எடத்துல” என்றார்.

“பாத்தீயளா சார், முழுங்குதாரு!” என்றார் மாடசாமி.

“கொஞ்சம் சும்மா இரும் தம்பி. அண்ணாச்சி, போய்ப் பாத்துட்டு வந்துருவோமா?”

“நீங்க ரெண்டு பேரு மட்டும் வாங்க சார்” என்றார் ஞானதுரை. மாடசாமி அதைக் காதில் வாங்காமல் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். டீக்கடைக் கூட்டம் அவர் பின்னால் நடந்தது.

சாலையைத் தாண்டி வாய்க்கால் கரையில் ஓர் அரசமரம். அதன் அடியில், வீட்டில் வைக்கவும் முடியாமல் குப்பையில் போடவும் மனம் வராமல் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து விட்ட சாமிகள் இருந்தன. கண்ணாடி உடைந்த முருகன் படம், நிறம் போன லட்சுமி காலண்டர், கை போன கொலுப் பொம்மைகள். அத்தனைக்கும் நடுவில், வேரில் சாய்ந்து, சந்தனமும் குங்குமமும் பூசி, செவ்வந்தி மாலை போட்டு உட்கார்ந்திருந்தது மாடசாமி வேனின் லோயர் ஆர்ம். முன்னால் சூடம் எரிந்த கறுப்புத் தடம்.

நான் குனிந்து கையை நீட்டினேன்.

“ஏய்யா, எங்கன கை வைக்கீய?” பக்கத்தில் தார்ப்பாய் கட்டிப் பூ விற்றுக்கொண்டிருந்த இசக்கியம்மாள் எழுந்து வந்துவிட்டார். இடுப்பில் கை வைத்தால் வாய்க்காலே நின்றுவிடும் போல ஓர் ஆகிருதி.

“இது வண்டி சாமான்மா” என்றேன்.

“வண்டி சாமானா? கண்ணு தெரியலியா? இந்தா ரெண்டு காது, இந்தா தும்பிக்கை. அதுவும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு பாத்தீயளா? வலம்புரி!”

தொழில்நுட்பம் படித்தவன் என்ற முறையில் விளக்க வாயெடுத்தேன். காதுகள் இரண்டும் ரப்பர் மாட்டும் துளைகள். தும்பிக்கை, சக்கரத்தைப் பிடிக்கும் கை. வலம்புரியானது செங்கோட்டைச் சாலை மதகின் கைங்கரியம். ஆனால் அவர் சொன்ன பிறகு என் கண்ணுக்கும் அது யானை முகமாகவே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

சங்கரலிங்கம் சார் ஷூவைக் கழற்றிவிட்டு ஈரத்தில் குந்தினார்.

“தாயி, அந்தக் குங்குமத்தக் கொஞ்சம் வெலக்கிப் பாத்துக்கிடட்டுமா?”

“தண்ணி தொட்டுத் தொடைங்க. அழுக்குக் கைலேஞ்சிய எடுக்காதீய.” வாளியிலிருந்து அவரே ஒரு கை தண்ணீர் கொடுத்தார்.

குங்குமம் கரைந்து இறங்கியது. தும்பிக்கை நுனியில் மயிரிழை மாதிரி விரிசல். அதன் பக்கத்தில் மஞ்சளாக, கோணல்மாணலாக, நசுங்கிய மண்புழு.

“இதாம்வே உம்ம எழுத்து” என்றார் சார். எழுந்து ஞானதுரையிடம் திரும்பினார். “புதுசுல இருக்கது?”

“நான் எழுதினது சார்.”

“ஏன் அண்ணாச்சி?”

ஞானதுரை குரலைத் தாழ்த்தினார். “இவுக முதல் நாளு பயபக்தியா சுழி போட்டுட்டுப் போனாவ. சரி, வண்டிக்கு நல்லது நடக்கட்டும்னு போட்டிருக்காவன்னு நெனச்சேன். மாத்தும்போது சுழி போட்ட சாமான கழட்டிட்டு வெறும் சாமான மாட்டினா, நாளைக்கி இந்த மாடசாமி அடியில குனிஞ்சு பாத்துட்டு என்ன சொல்லுவான்? வேதக்காரன் கடைக்கிப் போச்சு, பிள்ளையாரு சுழியக் காணோம்பான். நான் சர்ச் கமிட்டில இருக்கவன் சார். நமக்கு எதுக்கு அந்தப் பேச்சு? அதான் பெயிண்டர் பாஸ்கரக் கூப்பிட்டு மாதிரி காமிச்சு, அதே மாதிரி எழுதச் சொன்னேன். அவன் கொஞ்சம் நல்லா எழுதிட்டான்.”

“பழச ஏன் இங்கன கொண்டாந்தீங்க?”

“காயலான் கடையில போட்டா கால்ல மிதிப்பாங்க. எங்க சாமி இல்லன்னாலும் சாமி சாமிதான. எல்லாரும் இங்கனதான் கொண்டாந்து வைக்காங்க. கழட்டின மறுநாள் காலைல ஆள் இல்லாத நேரமாப் பாத்து வச்சிட்டு வந்துட்டேன். மாலையெல்லாம் நான் போடல.”

இசக்கியம்மாள் மூக்கில் விரலை வைத்தார். “நீருதான் வச்சீரா? கனவுல உத்தரவாகி யாரோ ஆத்துலேர்ந்து எடுத்துட்டு வந்து வச்சிருக்காகன்னுல்லா நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருக்கேன்!”

“அப்படியே சொல்லிக்கிட்டு இரு தாயி. எம்பேர மட்டும் சொல்லிராத. எங்க கமிட்டில தேர்தல் வருது.”

டீக்கடைக் கூட்டம் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. மாடசாமி மட்டும் சிரிக்கவில்லை. குடையை ஞானதுரையின் தலைக்கு மேல் கொண்டுபோய்ப் பிடித்தார். தன் தலை நனைவதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

“அண்ணாச்சி” என்றார்.

“இப்பந்தான் ஞாபகம் வருதாக்கும், அண்ணாச்சின்னு.”

“கோவத்துல பேசிட்டேன். வண்டி உங்க கடையிலதான் எப்பவும் நிக்கும்.”

“நிக்க வேண்டாம்ல. ஓட்டு. மதுரைக்காரன் ஸ்டேஷன்ல நனைஞ்சிக்கிட்டு நிப்பான்.”

சார் அப்போதுதான் தன் கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டார். திரும்பி நடந்துபோய், என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, மாடசாமியை வேனை எடுக்கச் சொன்னார். சக்கரம் எதையாவது முனகுகிறதா என்று ஐந்தருவி ஏற்றம் வரை காதைத் தீட்டிக்கொண்டு போனோம். சாரல் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ‘மாற்றப்பட்டது’ என்று எழுதினேன்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. விதிப்படி பழைய பொருள் கம்பெனி வசம் வர வேண்டும். இசக்கியம்மாள் வசமிருந்து எதையும் எடுக்கும் ஆள் எங்கள் கம்பெனியில் இல்லை. சார் யோசித்துவிட்டு, “போட்டோ எடும்வே. மாலை தெரியாம எடும்” என்றார். இசக்கியம்மாளே மாலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு முயன்றும் ஒரு வளையல் கையும் கொஞ்சம் குங்குமமும் படத்தில் விழுந்துவிட்டன.

தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது: ‘பழைய பாகத்தின் மீது சிவப்பாக ஏதோ காணப்படுகிறது. துருவா என விளக்கவும். பாகம் ஏன் மீட்கப்படவில்லை என்பதையும் தெரிவிக்கவும்.’ சங்கரலிங்கம் சார் பதில் எழுதினார்: ‘துரு அல்ல. பாகம் தற்போது பயன்பாட்டில் உள்ளது.’ அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. புரிந்திருக்காது, அல்லது நன்றாகப் புரிந்திருக்கும்.

கொஞ்ச நாள் கழித்து வேறொரு காருக்காக ஞானதுரை கடைக்குப் போனேன். நசுங்கிய கதவைப் பார்த்தேன், மாற்றத்தான் வேண்டும். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியதும் ஞானதுரை ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சார், கும்பிட்டுக் கேட்டுக்கிடுதேன். இது கதவு. இவ்வளவு பெருச நான் எங்க தூக்கிட்டுப் போய் வைப்பேன்? இனிமே சாமி சமாச்சாரம் வேண்டாம் சார். பேசாம உங்க கையெழுத்தப் போட்டுருங்க.”

“ஏன் அண்ணாச்சி?”

“அதுன்னா பயமில்லாம தூக்கிப் போட்டுருவேன்.”

கதவில் என் பெயரைப் பெரிதாக எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தேன்.